சித்தி வீட்டு விருந்துக்கு முன் ஒரு நெய்த்தோசை

1

இந்தக் கதை ராஜபாளையம் ரயில் நிலையத்தில் என் காதில் விழுந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

யுத்தத்தின் நாலாம் வருஷம், பங்குனி மாதம். சாயங்கால வண்டி நகரத் தொடங்கியிருந்தது. காக்கி உடுப்புப் போட்ட பட்டாளத்துக்காரன் ஒருவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தான். கல்யாணப் பட்டின் மொடமொடப்பு இன்னும் போகாத ஒரு பெண் வண்டியோடு கூடவே நடந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு சொன்னாள்:

"அந்தத் தோசை ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவன் சிரித்தான். வண்டி போய்விட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். அவளைத் தவிர அவனை வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போகிறவனை ஒரு தெருவே வந்து ரயிலேற்றும். இவளை மட்டும் ஏன் தனியாக விட்டார்கள்? எந்தத் தோசை அது? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் எழுத வேண்டியதாயிற்று.

2

நான் மொழிபெயர்ப்பு நாவல்களில் வளர்ந்தவன். வாசகசாலையில் இருக்கும் எல்லாவற்றையும் படித்தாகிவிட்டது. அந்த நாவல்களில் பிரயாணிகள் ஓயாமல் எங்காவது இறங்கிச் சாப்பிடுகிறார்கள். குதிரை வண்டி நிற்கும், விடுதிக் கதவு திறக்கும், கணப்பருகே உட்காருவார்கள், சூடான சூப்பும் ரொட்டியும் வரும், அதற்குள் யாராவது யாரையாவது காதலிக்கத் தொடங்கியிருப்பார்கள். எனவே முதல் ஆரம்பத்தை இப்படி எழுதினேன்:

*அவர்கள் விடுதிக்குள் நுழைந்தபோது வெளியே பனி*

அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். எங்கள் ஊர்ப் பனிக்குத் தலையில் ஒரு துண்டு கட்டினால் போதும். பங்குனியில் அதுவும் கிடையாது.

இரண்டாவது ஆரம்பம்:

*மைக்கேலும் இன்பமும் கல்யாணமான நாளிலிருந்து தனியாக ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை.*

இது நிற்கும் என்று தோன்றியது. இந்தப் பெயர்களை நான்தான் வைத்தேன். தளவாய்புரத்து மைக்கேல், பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். தாய் இல்லாதவன். ராஜபாளையத்தில் இருக்கும் அவன் சித்தி தேவகிருபைதான் அவனை வளர்த்தாள். அவன் திரும்பி வருகிறவரைக்கும் இன்பம் அந்தச் சித்தி வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

(கதைக்கு வெளியே ஒரு விளக்கம்: புதுமணத் தம்பதிக்கு ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டிலும் விருந்து உண்டு. மறுக்க முடியாது. பக்கத்தில் நின்று, "இன்னும் செத்த போடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இதைவிட முக்கியமானது, அவர்கள் வந்து இலையில் கை வைக்கும் வரை அந்த வீட்டில் பெரியவர், சிறியவர் யாரும் ஒரு பருக்கை தொடக்கூடாது. தம்பதி தாமதித்தால் வீடே பட்டினி.)

கடைசி விருந்து சித்தி வீட்டில், மத்தியானம். அங்கிருந்து நேரே ரயில்.

3

இனி அவர்களை எங்காவது சாப்பிட அனுப்ப வேண்டும். எங்கே? நான் பிறந்ததிலிருந்து ராஜபாளையத்தில்தான் இருக்கிறேன். தூர தேசத்து விடுதிகள் தெரிந்த அளவுக்குப் பக்கத்திலிருக்கும் வில்லிபுத்தூர்த் தெருக்கள் எனக்குத் தெரியாது. ஆகவே மில்லில் வேலை பார்க்கும் நண்பன் ஆண்டிச்சாமியைக் கூட்டிக்கொண்டு கரி பஸ் ஏறினேன். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு. அது புகைந்தால்தான் வண்டி ஓடும்.

"ஏலே, கதை எழுதப் போறேன்னு சொல்லிட்டுத் திங்கத்தான போற?" என்றான்.

"இன்பத்துக்காகத் தின்னு பாக்கப் போறேன்."

"அப்ப மைக்கேலுக்காக நான் திங்கேன். நீ வாங்கிக் குடு."

கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். எத்தனையோ தடவை பார்த்த கோபுரம். ஆனால் முதல்முறை பார்ப்பவளுக்காகப் பார்க்கும்போது அது இன்னும் உயரமாக இருந்தது. கழுத்து வலித்தபோது குனிந்தோம்; அப்போதுதான் பால் சுண்டும் வாசனை வந்தது. நாற்றம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள்; நாங்கள் மூக்கை விட்டுவிட்டு அதன் பின்னால் போனோம். ஒரு சந்துக்குள் ஓலைக் கொட்டகை. அகலமான இரும்புச் சட்டியில் பிச்சையம்மாள் என்ற பெண் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு வேணும்?"

"இன்பம்னு ஒரு பொண்ணுக்கு," என்றேன், வாய் தவறி.

"சொந்தமா?"

ஆண்டிச்சாமி முந்திக்கொண்டான். "கதையில வார பொண்ணு. இன்னும் பாதிதான் எழுதியிருக்கான்."

பிச்சையம்மாள் கிண்டுவதை நிறுத்தவில்லை. "சீனி கண்ட்ரோலு இருக்கையில உசிரோட இருக்கவுகளுக்கே பத்தல. கதையில வாரவளுக்கு எங்கிட்டுப் போக?" பிறகு, "புதுசாக் கட்டினவளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்பக் காந்தலைக் குடு. மத்தது வெளியூருக்கு அனுப்புறது."

சட்டியின் ஓரத்தில் பழுப்பாகப் பிடித்திருந்ததைச் சுரண்டி மந்தாரை இலையில் வைத்துத் தந்தாள். அந்தக் காந்தலைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். தேன், வெண்ணெய், தங்கம் என்றெல்லாம் போட்டேன். அடித்துவிட்டேன். பல்லில் ஒட்டும், லேசாகப் புகை மணக்கும், தின்று முடித்தபின் இலையையும் ஒருமுறை நக்கத் தோன்றும். ஆண்டிச்சாமி நக்கினான்.

4

கதை இப்போது ஓடுகிறது. என்னை மறந்துவிட்டுப் படிக்கலாம்.

தளவாய்புரத்திலிருந்து வந்த பஸ் ராஜபாளையத்தில் நின்றது. மைக்கேல் எழுந்தான். இன்பம் எழவில்லை.

"இந்தப் பஸ்ஸு எதுவரைக்கும் போவும்?"

"வில்லிபுத்தூருக்கு. ஏன்?"

"போயிட்டு வந்துருவோமா?"

"ஏட்டி, சித்தி உலை வச்சிருப்பா."

"மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்லா. எட்டு நாளா உங்களை இலைக்கு மேலதான் பாத்திருக்கேன். ஒருநாளாவது ரோட்டுல பாக்கணும்."

கண்டக்டர் காத்திருந்தார். மைக்கேல் உட்கார்ந்துவிட்டான்.

வில்லிபுத்தூரில் அவள் முன்னால் நடந்தாள். கோயிலுக்குள் போக நினைக்கவில்லை. தெருமுனையில் நின்று கோபுரத்தைப் பார்த்தது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. "உச்சியில நின்னா நம்ம ஊரு தெரியுமா?" என்றாள். "நம்ம ஊரு தெரியும். நீ தெரிய மாட்ட," என்றான். நிலையில் நின்ற பெரிய தேரின் சக்கரத்துப் பக்கத்தில் போய் நின்று தன் உயரத்தை அளந்து பார்த்தாள். பெரியகுளத்துக் கரையில் உட்கார்ந்து இருவரும் ஒரே இலையில் காந்தல் தின்றார்கள். அவள் முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "லாரியில ராத்திரியெல்லாம் ஓட்டுவியளா?" என்று கேட்டாள். அவன் பட்டாளத்தைப் பற்றி அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எட்டு நாளில் எட்டு வீட்டுச் சோறு தின்றும் பேச முடியாததை ஒரு இலைக் காந்தலுக்குள் பேசி முடித்தார்கள். என்ன பேசினார்கள் என்று

(அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அது அவர்களுடைய பேச்சு. நான் ஆண்டிச்சாமியோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

திரும்பும் பஸ் நடுவழியில் நின்றது. அடுப்பு அணைந்துவிட்டது. கண்டக்டர் விசிறிச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார்; புகை வந்தது, நெருப்பு வரவில்லை. வெயில் உச்சியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மைக்கேல் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே சுற்றத் தொடங்கினான். இன்பம் ஒரு வேப்பமர நிழலில் நின்று அவன் முதுகு வியர்ப்பதைப் பார்த்தாள். தாமதத்துக்குப் பயந்தாளா? பயந்தாள். ஆனாலும் பஸ் இன்னும் செத்த நேரம் நிற்கட்டும் என்று நினைத்தாள்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ராஜபாளையத்தில் இறங்கியதும் நேரே சித்தி வீட்டுக்குத்தானே ஓட வேண்டும்? தோசை தின்னக் கிளப்புக் கடைக்குள் ஏன் போகிறார்கள்? என் பாத்திரத்தை நானே நம்பவில்லை. ஆண்டிச்சாமியிடம் கேட்டேன்.

"பசிக்காதாலே?" என்றான்.

"சித்தி வீட்டுலதான் சோறு இருக்கே."

"அது சித்தி வீட்டுச் சோறு. இன்னிக்கு விட்டா அவ இனிமே எப்பக் கடையில உக்காந்து திங்கப் போறா?"

அவன் சொன்னதை அப்படியே கதையில் வைத்துக்கொண்டேன். இதற்காக அவனுக்கு ஒரு காப்பி.

சில கிளப்புகளில் படியேறும்போதே "நீங்க யாரு?" என்று ஜாதி விசாரிப்பார்கள். அங்கே இவர்களை அனுப்ப எனக்கு மனசில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சுப்புராஜின் கடை இருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கடையில் தமிழையும் தெலுங்கையும் கலந்து பரிமாறுவார். கல்லில் நெய் விழும் சத்தம் தெரு வரைக்கும் கேட்கும். போய்க் கேட்டேன்.

"பொம்பளையாள் வந்தா உள்ள உக்காரலாமா?"

"உக்காரட்டுமே. வரத்தான் காணோம்."

ஆக, இன்பம் முதல் ஆள். இதை எழுதும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

அவள் உள்ளே வந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்ளர்கள் நின்றன. அவள் மூலையில் ஒதுங்காமல் தெருவைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நெய்த்தோசை வந்தது: விளிம்பு முறுகி, நடுவில் மெத்தென்று, மேலே நெய் இன்னும் கொதித்துக்கொண்டு. இருவரும் கை கூப்பி, தலை குனிந்து, கண்ணை மூடினார்கள். ஜெபம் செய்யாமல் சாப்பிட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை.

சுப்புராஜ் பதறிக்கொண்டு வந்தார். "ஏமி? தோசையில ஏதும் கெடக்கா?"

இன்பம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "ஒண்ணும் கெடக்கல அண்ணாச்சி. ஸ்தோத்திரம் சொல்லுதோம்."

"தோசைக்கா?"

"ஆமா. தோசைக்கும் சேத்துத்தான்."

"ஏ, அந்த டேபிளுக்கு இன்னொண்ணு போடு," என்று அவர் உள்ளே குரல் கொடுத்தார். "இத்தனை வருசமா எல்லாரும் சட்னி பத்தலன்னுதான் சொல்லுதானுவ."

அவள் சிரித்தாள். தோசையைச் சுருட்டிப் பிட்டு, சட்னியில் தோய்த்து, யாரும் "இன்னும் செத்த போடு" என்று சொல்லாமல், தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் படித்த எந்தத் தேசத்து விடுதியிலும் இப்படி ஒருத்தி சாப்பிட்டதில்லை.

6

நீங்கள் இதற்குள் நினைத்திருப்பீர்கள்: சித்தி வீடு?

அங்கே கோழி அறுத்துக் குழம்பு வைத்து, இலை விரித்து, தண்ணீர் தெளித்து, எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் தொடவில்லை. சித்தப்பா தேவஇரக்கம் ஜெபத்துக்குத் தயாராக இருந்து இருந்து தூங்கிப்போனார். கடைக்குட்டி இன்பத்தின் இலையிலிருந்த அப்பளத்தின் ஓரத்தை ஒடித்து, சித்தியிடம் அடி வாங்கியது. நான் மூன்று பக்கம் அழகான தோசையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு வீடு பசித்திருந்தது.

இங்கிருந்து வழிகள் பிரிகின்றன.

முதல் வழி: பஸ் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு, நிரம்பிய வயிற்றில் மறுபடியும் கோழிக் குழம்பு. பொய்யில்லை, பாதி உண்மை. நான் இதை எழுதிப் பார்த்தேன். இன்பம் இரண்டாவது கவளத்தில் விக்கினாள். அவளை வதைக்க மனம் வரவில்லை.

இரண்டாவது: மைக்கேல், "நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்று பழியை ஏற்கிறான். பெருந்தன்மையான முடிவு. ஆனால் அவன் ரயில் ஏறிவிடுவான். அந்த வீட்டில் இருக்கப்போவது அவள். அவன் வாங்கிக்கொண்ட பழியை ராத்திரியே அவள் மடியில் இறக்கி வைப்பார்கள்.

பிளாட்பாரத்தில் அவள் தனியாக நின்றது எனக்குத் தெரியும். அவர்கள் கோபத்தில் வராமல் இருந்திருக்கலாம். நேரங்கழித்து உட்கார்ந்து, அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் எழ முடியாமலும் இருந்திருக்கலாம். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகையால் அவளிடமே விட்டுவிட்டேன்.

7

வாசலில் செருப்பைக் கழற்றும்போது மைக்கேல் மெதுவாகச் சொன்னான். "நான் பேசுதேன். நீ சும்மா இரு."

"நீங்க போயிருவிய. நான்தான இங்க இருக்கணும். நானே பேசுதேன்."

சித்தி தேவகிருபை நிலைப்படியில் நின்றாள். முகத்தில் கோபமும் பசியும் கலந்திருந்தன.

"வாங்க துரைமாரே. மணி பாக்கத் தெரியுமா?"

"சித்தி, நாங்க சாப்பிட்டுட்டோம்," என்றாள் இன்பம். "வில்லிபுத்தூரு பாக்கணும்னு நான்தான் கேட்டேன். கடைக்குப் போவோம்னதும் நான்தான். அவிய வேண்டாம்னாவ."

உள்ளே தேவஇரக்கம் விழித்துக்கொண்டார்.

"கடையிலயா?" என்றாள் சித்தி. "கல்யாணப் பட்டோடயா?"

"ஆமா சித்தி."

"இங்க இம்புட்டு உசிரு பச்சத் தண்ணி குடிக்காமக் காத்துக் கெடக்கு."

"தெரியும். அதான் ஓடி வந்தேன்." புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். விருந்தாளியாக வந்த மணப்பெண் அடுப்படிக்குள் போவது வழக்கமில்லை. சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தாள். கரண்டியை எடுத்தாள். தனக்காக விரித்திருந்த இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இந்த இலையில நீங்க உக்காருங்க சித்தி. இன்னிக்கு நான் போடுதேன்."

மைக்கேல் நிலைப்படிக்கு வெளியே நிற்கிறான். பிள்ளைகள் சித்தியின் முகத்தையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்த வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டே பழகியவள் தேவகிருபை. அவளை யாரும் இதுவரை இலையைக் காட்டி உட்காரச் சொன்னதில்லை. அவள் கை இன்னும் வாசல் நிலையைப் பிடித்திருக்கிறது.

நான் இதற்கு மேல் எழுத மாட்டேன். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் என் கைதான் சித்தியைப் பிடித்துத் தள்ளுகிறது. உங்களில் சிலர் அவளை என்னைவிட நன்றாக அறிவீர்கள். உட்காருவாளா, கரண்டியைப் பிடுங்குவாளா என்று நீங்கள் சொல்லுங்கள். யோசிக்க வேண்டுமானால் யோசியுங்கள். ஆனால் முதலில் பிள்ளைகளுக்குப் போடச் சொல்லிவிடுங்கள்.