அணைக்காத இன்ஜின்

சின்னவனுக்கு வயது நாற்பத்தாறு. தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் வீட்டில் அவன் பெயர் சின்னவன்தான், நடந்துகொள்வதும் அப்படித்தான். ஞாயிறுதோறும் அண்ணியைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவான். அண்ணி மாடியேறிப் போவாள். அவன் கீழேயே, இன்ஜினை அணைக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான்.

கேட்டால் காரணம் தயாராக இருக்கும். "சூட்டுல ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் ஆகாது அண்ணி. முக்கா மணி நேரம் ஆறணும். அப்புறம் நீங்க எப்ப வீடு போய்ச் சேர்றது?"

பொய்யில்லை. வண்டிக்கு அந்த வியாதி உண்டு. நின்ற இடத்தில் சூடேறும். அந்தச் சூட்டில் அணைத்துவிட்டால் எத்தனை தடவை சாவியைத் திருகினாலும் முனகுமே தவிரக் கிளம்பாது. ஆனால் சின்னவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். இதைச் சரிசெய்ய அவனுக்கு அரை நாள் போதும். அந்த அரை நாள்தான் நான்கு மாதமாகக் கிடைக்கவில்லையாம். யார் காதில் பூ சுற்றுகிறான்?

விஷயம் வேறு. எட்டு வருடத்துக்கு முன் அண்ணனும் தம்பியும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தார்கள். ஒரு நாள் சின்னவன் ஒரு காரின் சக்கர நட்டுகளை முறுக்க மறந்து அனுப்பிவிட்டான். தெருமுனையில் சக்கரம் கழன்று ஓடியது. நல்ல காலம், யாருக்கும் அடியில்லை. வாடிக்கையாளர்கள் பார்க்க அண்ணன் பளாரென்று அறைந்தார். தப்பு தன்னுடையது என்று தெரிந்ததால்தான் சின்னவனுக்கு அது அவ்வளவு எரிந்தது. "நீ செத்தாக்கூட உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு வெளியேறினான். அன்று அது வெறும் வாய்ச்சொல். இப்போது அண்ணன் நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு முதல் மாடியில் கிடக்கிறார். சொன்ன சொல் இவன் தொண்டையில் மீன்முள்ளாய் நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அண்ணனும் லேசுப்பட்டவரில்லை. மேலே வா என்று ஒரு தடவைகூடச் சொல்லி அனுப்பவில்லை. வண்டியைப் பற்றித்தான் சொல்லி அனுப்புவார்.

"நிக்கும்போது மட்டும் சூடேறுதுன்னா ரேடியேட்டர் ஃபேன் சுத்தலையாம் தம்பி" என்பாள் அண்ணி, காரில் ஏறிக்கொண்டே. "கட்டில் ஜன்னலோரம்தானே. இன்ஜின் சத்தம் கேக்குது, ஃபேன் சத்தம் கேக்கலைங்கறார்."

அடுத்த வாரம் இன்னொன்று. "ஸ்டார்ட் ஆகலைன்னா இக்னிஷன் காயில் மேல ஈரத்துணி போடணுமாம். உடனே ஸ்டார்ட் ஆச்சுன்னா காயில்தான் கெட்டிருக்காம். மாத்திடச் சொன்னார்."

"ம்" என்பான் சின்னவன். ஃபேன் மோட்டார் எரிந்துபோனது அவனுக்கு எப்போதோ தெரியும். காயில் சூட்டில் செத்து, ஆறினால் பிழைப்பதும் தெரியும். வண்டி சரியாகிவிட்டால் கீழேயே உட்கார்ந்திருக்க அவனுக்கு என்ன சாக்கு இருக்கிறது?

இந்த ஞாயிறு அண்ணி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் சொன்னாள். "காலைல டாக்டர் போன் பண்ணார் தம்பி. அடுத்த வாரம் வரைக்கும் தாங்கறதே கஷ்டமாம்."

"அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

"போன வாரம் வண்டியைப் பத்திக்கூட ஒண்ணும் கேக்கலையே."

அவள் போய்விட்டாள். சின்னவன் உட்கார்ந்திருந்தான். சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. வழக்கமாக அது சிவப்பை நெருங்கும்போது வண்டியை எடுத்து ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான். காற்றுப் பட்டதும் முள் இறங்கிவிடும். இன்று கை கியருக்குப் போகவில்லை. பையிலிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பயமாக இருந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அதைவிட, திருப்பக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தால்?

முள் சிவப்பைத் தொட்டது. சின்னவன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். மனசு மாறுவதற்குள் இறங்கி, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினான்.

அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. மூச்சு வாங்க அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சத்தம் நின்னுடுச்சு... போயிட்டான்."

"நீங்க பேசாம படுங்க."

"அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும்... கீழ இருக்கான்னு ஒரு தைரியம்..."

நாலு மாதம் தன்னை ஒளித்துவைத்த சத்தம் அவருக்குத் துணையாக இருந்ததா? சின்னவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"போகலண்ணே. நான்தான் ஆஃப் பண்ணேன்."

அண்ணன் மெல்லத் திரும்பினார். அந்த முகத்தில் கண்கள் மட்டும்தான் பழைய அண்ணன்.

"சூட்டுல ஆஃப் பண்ணிட்டியேடா. இனி ஸ்டார்ட் ஆகாதே."

"ஆகாதுண்ணே."

"ஈரத்துணி போட்டா ஆகும். துணி வச்சிருக்கியா?"

கீழே முகம் துடைத்த துணி பேன்ட் பையில்தான் இருந்தது.

"இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு, சின்னவன் ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.