கரிக்குழிக்கு நாலு குடம்

ஒப்பாரியின் நடுவே தலையைத் தூக்கிய செங்கம்மாள் கொல்லைப் பக்கம் பார்த்தாள். பாட்டு அப்படியே நின்றுவிட்டது. கரிக்குழியின் வெள்ளைப் புகை மெலிந்து நீலமாகியிருந்தது.

சவுக்கு மிலாறுக் குச்சிகளை அடுக்கி, மண் மூடி, நேற்றுச் சாயங்காலம் அதில் தீ வைத்தவர் அவள் அப்பா துலுக்காணம். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். குழிக்கு அது தெரியுமா? புகை நீலமானதும் தண்ணீர் விட்டு அணைக்காவிட்டால் கரி முழுக்கச் சாம்பல்தான். மண்ணுக்கு உரமாகப் போடப்போகும் அந்தக் கரியை நம்பித்தான் வெறும் மணலில் கத்தரி நாற்று விட்டிருந்தாள் அவள்.

"சித்தப்பா, குழிய அணைக்கணும்."

"பொணத்த ஊட்ல வச்சிக்கினு இன்னா பேச்சு இது? கரிப் பைத்தியம் அவரோட போவட்டும்" என்றார் பரசுராமன்.

அழுதுகொண்டிருந்த அம்மா எல்லம்மா மூக்கைச் சிந்தினாள். "மொத வருசம் வெறுங்கரிய கொட்டி மொளகா செடியெல்லாம் மஞ்சளா நின்னுச்சு. 'கரி போட்டா ரயிலு ஓடும், மொளகா காய்க்குமா'ன்னு நீதான சிரிச்ச, கொழுந்தனாரே? 'கரிக்குப் பசிடி, செடி சோத்த அது துன்னுடுச்சு'ன்னாரு இந்த மனுசன். மறு வருசம் சாணித் தண்ணியில ஊறவச்சுப் போட்டாரு. அந்த மொளகாய மூட்ட கட்டி எடுத்துக்கினு போனது யாரு?"

பரசுராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் ஐந்து குடங்களோடு மேளத்தின் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். செங்கம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

"அப்பாவுக்கு ஒரு கொடம் போதும். மத்த நாலையும் குழியில ஊத்துங்க."

"கேட்டா அவரே அதான் சொல்லுவாரு" என்று பக்கத்து வீட்டு முத்தம்மா திரும்பி நடந்தாள். மேளக்காரர் சின்னராசு கொஞ்சம் தயங்கிவிட்டு, குழிவரைக்கும் அடித்துக்கொண்டே போனார்.

மண்ணைத் தள்ளித் தண்ணீர் விட்டதும் ஆவி சீறியது. நாலு குடம் போதவில்லை. பரசுராமனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார். எல்லாரும் கையால் கிளறிக் கிளறி, நெருப்புத் தங்கிய துண்டுகளைத் தேடி நனைத்தார்கள். குழி முழுக்கக் கரி பளபளத்தது.

பிறகுதான் ஆண்கள் துலுக்காணத்தைக் குளிப்பாட்டினார்கள். குழியிலிருந்து அப்படியே வந்த மற்றவர்கள் ஆளுக்கொரு முனை பிடித்துக் கோடித் துணி போர்த்தி இழுத்துவிட்டார்கள். வெள்ளைத் துணி எங்கும் கறுப்பு விரல் தடங்கள்.

வேறு துணி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நெஞ்சருகே விழுந்திருந்த மடிப்பைச் செங்கம்மாள் உள்ளங்கையால் நீவிவிட்டாள்.