மருந்து அடிக்காத பதினெட்டு ஏக்கர்

“பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்துக்க. காத்து நல்லா வரும்.”

“வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்களா?”

“ஸ்வெட்டரை வெளியவே வெச்சுக்க. அட்டகட்டி வரைக்கும் குளிரும்.”

மூன்று வருடங்களுக்கு முன்னால், வால்பாறை பஸ் நிலையத்தில் சின்னப்பராஜும் விமலாராணியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அப்போது கல்யாணமாகி ஏழு மாதம். தேயிலைக்கு மருந்து தெளிக்கும் நாட்களில், எஸ்டேட் குவார்ட்டர்ஸின் ஜன்னல்களை எவ்வளவு இறுக்கி மூடினாலும் விமலாவுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். இரண்டு முறை பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனார்கள். மலையை விட்டு இறங்குவதுதான் வழி என்றார் டாக்டர். அவள் கோயம்புத்தூரில் அம்மா வீட்டுக்கு வந்து, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

திரும்பி வந்துவிடு என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. விட்டுப் போனவள் அவள்தானே.

வாய் திறக்காதவன் வேறொரு காரியம் செய்தான். அந்த எஸ்டேட்டின் ஃபீல்டு ஆபீஸர் அவன். வீட்டைச் சுற்றியிருந்த பதினெட்டு ஏக்கரை மட்டும் ரசாயனமே இல்லாமல் வளர்த்துப் பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் கேட்டு வாங்கினான். மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் இயற்கைத் தேயிலை என்று சான்றிதழ் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அங்கேயும் பழையபடி ஸ்பிரேயர் இறங்கும். அதுதான் மேனேஜரின் நிபந்தனை. முதல் வருடம் விளைச்சல் பாதியானது. மற்ற ஆபீஸர்கள் அவனைச் ‘சாணி சார்’ என்று கூப்பிட்டார்கள். அவனும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

மாதம் ஒருமுறை விமலா மலை ஏறினாள். ஒவ்வொரு முறையும் அவன் கேட்பது ஒன்றுதான், மூச்சு எப்படி இருக்கிறது என்று. நன்றாக இருக்கிறது என்பாள். கடைசி ஆறு தடவை அது நிஜமாகவே நன்றாக இருந்தது. அதற்கு மேல் அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருப்பாள். அவன் பஸ் நேரத்தைச் சொல்வான்.

1997 மார்ச்சில், சான்றிதழுக்கான கடைசிப் பரிசோதனைக்கு ஆள் வருகிற சனிக்கிழமை, முந்தின நாளே மலைக்கு வந்திருந்த அவளுக்கு விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பையில் துணிகளை அடுக்கினாள், எடுத்தாள், மறுபடி அடுக்கினாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் பத்து முறை நடந்தாள். வெயில் காலத்துச் செம்பேன் பூச்சி கீழ்ச் சரிவில் இலைகளைச் செம்பு நிறமாக்கியிருந்தது. சான்றிதழ் வந்துவிட்டால் அவன் திரும்பி வரச் சொல்வானா? வந்த பிறகும் பஸ் நேரத்தைத்தான் சொல்வானா?

பரிசோதகர் அழகிரிசாமி கோயம்புத்தூர்க்காரர், வேளாண்மை படித்தவர், முகத்தில் எதையும் காட்டாதவர். தேயிலைக் காட்டைச் சுற்றிப் பார்த்தார், ஸ்டோரைத் திறக்கச் சொன்னார், மண்ணை முகர்ந்தார். காபி கொடுக்கப் போன விமலா அங்கேயே நின்றுவிட்டாள். அப்போது அவர், இலை பறித்த கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த தொழிலாளி மாரியாத்தாளிடம் சாதாரணமாகக் கேட்டார்.

“ஏம்மா, இங்க மருந்து அடிக்கறதுண்டா?”

“அடிக்காம இருப்பமுங்களா? போன பொதங்கெழமகூட அடிச்சமுங்க. ஆபீஸரே நின்னு கலக்கிக் குடுத்தாருங்க.”

அழகிரிசாமியின் பேனா நகர்ந்தது.

அது வேப்பங்கொட்டையும் பூண்டும் பச்சை மிளகாயும் மாட்டு மூத்திரத்தில் ஊறவைத்த கரைசல் என்று சின்னப்பராஜ் ஓடிப்போய் டிரம்மைத் திறந்து காட்டினான். நாற்றத்தில் பரிசோதகர் கைக்குட்டையை எடுத்தார். இப்படி ஒரு டிரம்மை முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் வேறு அடிப்பவர்களையும் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். இலைகளைக் கிள்ளி, உறையில் போட்டு முத்திரை வைத்தார். லேப் முடிவு வர ஒரு மாதமாகும், அதுவரை எதையும் சொல்ல முடியாது என்று கிளம்பிவிட்டார்.

மாரியாத்தாள் அழுதுவிட்டாள். “நான் பொய் சொல்லலீங்களே அம்மணி. சளிக்குக் கசாயம் வெச்சாலும் மருந்துன்னுதானுங்களே சொல்றோம்?”

விமலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள்மேல் என்ன தப்பு? தினமும் காலையில், மருந்து கலக்கியாச்சா என்று கேட்பவனே சின்னப்பராஜ்தான். விஷத்துக்கும் வேம்புக்கும் இந்தக் காட்டில் ஒரே பெயர். மூன்று வருடத்தில் வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றரை மணி பஸ்ஸுக்கு இருவரும் தேயிலை நடுவே நடந்தார்கள். பையை அவன் தூக்கிக்கொண்டான். லேப்பில் ஒன்றும் தெரியாது, அடித்தால்தானே தெரியும் என்று அவள் சொன்னாள். பக்கத்துச் சரிவில் அடிப்பது காற்றில் வந்து படிந்திருந்தால் என்ன செய்வது என்றான் அவன். பாதையில் கிடந்த கல்லை உதைத்தான். பிறகு அவளைப் பார்க்காமல் பேசினான்.

“பேப்பர் கைக்கு வந்ததும் உங்கிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வெச்சிருந்தேன், விமலா. இனி எப்படிக் கேக்கறது?”

அவள் நின்றுவிட்டாள். மூன்று வருடமாக அவன் மனதில் அது இருந்திருக்கிறது. ஒரு காகிதம் வந்தால்தான் கேட்கும் உரிமை வரும் என்று பூட்டி வைத்திருக்கிறான். இவளோ இன்ஸ்டிட்யூட்டில் அடுத்தவர் கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டே, தனக்கு அழைப்பு இல்லை என்று நாட்களை ஓட்டியிருக்கிறாள். கோபம் வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது.

மேல் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அவன் வழக்கம்போல நடையை எட்டிப் போட்டான்.

“ஏனுங்க, நில்லுங்க.”

“பஸ் வந்துரும்.”

“வரட்டுமுங்க.”

“மறுபடி ஸ்பிரேயர் எறங்குனா உனக்கு ஆகாது. ரெண்டு தடவ உன்னைய ஜீப்புல தூக்கிப் போட்டுட்டுப் போனவன் நான். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகல.”

“எறங்குறப்பப் பாத்துக்கலாமுங்க. இன்னைக்கு எறங்கல.” எட்டிப்போய் அவன் கையிலிருந்த பையை வாங்கி, பாதையோரத்தில் வைத்தாள். மூச்சு சீராகத்தான் இருந்தது. “பேப்பருக்காக நீங்க காத்திருந்தீங்க. உங்க வாய்க்காக நான் காத்திருந்துட்டேன். இனி என்னால முடியாதுங்க. பேப்பர் வந்தாலும் வராட்டியும் பரவால்ல, என்னைய இருக்கச் சொல்லுங்க.”