முதலாளி சொன்ன பார்ப்போம்

பரிசோதனை முடிந்து, அப்பாவின் சட்டைக்கு மகள் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே டாக்டர் கேட்டுவிட்டார்.

"நாளைக்குக் காலையில ஆபரேஷன் வச்சுக்கலாமா சார்? தள்ளிப்போட்டா இதயம் தாங்காது."

"பார்ப்போம்," என்றார் அப்பா.

டாக்டர் சிரித்த முகமாகப் போனார். அம்மாவுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா, ஒருவழியா இறங்கி வந்துட்டார்," என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள்.

மகள் மட்டும் நம்பவில்லை. ஊரில் பாதித் தியேட்டர்களில் தான் எடுத்த படத்தை ஓட்டிய ஸ்டூடியோ முதலாளி, யார் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொன்னதில்லை. பிடித்த கதை என்றால், "ஷூட்டிங் எப்போ?" என்பார். பிடிக்காவிட்டால், "பார்ப்போம்." கதை சொல்ல வந்தவன் அதை நம்பி வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போவான். மறுநாள் அவனுக்குப் போன் போட்டு இல்லை என்று சொல்வது மகளின் வேலை. ஸ்டூடியோவில் அவருக்குத் தங்கமான மனுஷர் என்ற பேர், இவளுக்கு ராட்சசி என்ற பட்டம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"அப்பா, இப்போ சொன்னது ஸ்டூடியோல சொல்ற பார்ப்போமா?"

அவர் கண்களை மூடிக்கொண்டார். "அம்மாகிட்ட நீயே சொல்லிடும்மா."

மகளுக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். போனில் எத்தனையோ பேர் அழுததைக் கேட்டிருக்கிறாள். அம்மா எதிரில் நின்றல்லவா அழுவாள்.

"இதையாவது நீங்களே சொல்லுங்கப்பா. என்னால ஆகாது."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வராந்தாவில் அம்மாவை வழிமறித்தாள். "அம்மா... அப்பா பார்ப்போம்னு சொன்னாரில்ல..."

"தெரியும்டி," என்றாள் அம்மா. "கட்டிக்கிட்டு வந்த நாளா கேக்குறேன். கடல் பாக்கப் போலாமான்னு கேட்டப்பவும் அதேதான். எனக்கு மட்டும் மறுநாள் யாரும் போன் பண்ணிச் சொல்லல."

"அப்புறம் ஏன் சந்தோஷப்பட்ட?"

"பின்ன? டாக்டர் முன்னாடி அவர்கிட்ட மல்லுக்கு நிக்கவா?"

அம்மா உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து அவரிடம் கேட்டாள். "வீட்டுக்குப் போயிடலாமா?"

"போலாம்," என்றார் அப்பா.

மகள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அம்மாவுக்கு அவர் இப்படி ஒரு நேரான பதில் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா கையெழுத்துப் போட்டாள். காரில் அப்பாவை நடுவில் உட்கார வைத்தார்கள். கட்டிலைக் கீழறைக்கு இறக்க வேண்டும், மாடிப்படி இனி ஆகாது என்று அம்மா பேசிக்கொண்டே வந்தாள். ஸ்டூடியோ வாசலைத் தாண்டியதும் அவர் தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. மகள் அவசரமாக அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைத் தன் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். இதையும் அம்மாவிடம் சொல்ல வேண்டியது அவள்தான்.

அம்மா தோளை அசைக்கவில்லை.

"ஜன்னல் பக்கமா தலை வச்சுப் படுத்தா வெளிச்சம் கண்ணுல அடிக்கும்," என்றாள். "கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கலாம்."

டிரைவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். யாரும் சொல்லாமலே வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.