கைக்குப் பழகிய சைக்கிள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிழிந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கிடையே சுருக்கம் விழாமல் ஊட்டிவிடுவது அவள் வேலை. நாள் முழுக்க ஈரத்துணியை இழுத்துப் பிடித்ததில் மணிக்கட்டுகள் இரண்டும் உரமேறிக் கிடந்தன. வீட்டில் அவளும் அவளைவிடப் பத்து வயது இளைய தங்கையும் மட்டும்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, தங்கையை வளர்த்து ஆளாக்குவதிலேயே மூத்தவளின் கல்யாண வயது கைநழுவிப் போயிற்று. அதைப் பற்றி அவள் குறைபட்டு யாரும் கேட்டதில்லை. ஆனால் புதுசு என்று சொல்லிக்கொள்ள ஒரு பொருள்கூட அவள் கைக்கு வந்ததில்லை. அவள் வேலைக்கு ஓட்டிப்போன சைக்கிளும் யாரோ ஓட்டிச் சலித்து விற்றதுதான்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தச் சைக்கிள் வந்தது. ஒரு சைக்கிள் கம்பெனியின் ஆட்கள், தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களில் நான்கு பேரைப் பொறுக்கியெடுத்து, இன்னும் கடைக்கு வராத புது சைக்கிளைக் கையில் கொடுத்து, ஓட்டிப் பார்த்து மனதில் பட்டதைச் சொல்லச் சொன்னார்கள். அவரவர் விருப்பப்படி நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நிறம் ஒன்றைச் சொல்லிவிட்டால் சட்டம், மட்கார்டு, மணி, முன்பக்கத்துப் பெட்டி, பின்பக்கத்துப் பை, தலைக்கவசம், மழைக்கோட்டு வரைக்கும் அதே நிறத்தில் ஜோடி சேர்ந்து வரும். இருக்கையின் உயரமும் கைப்பிடியின் அகலமும்கூட ஆளுக்குத் தக்கபடி அளவெடுத்துச் செய்வார்கள்.

நிறம் கேட்டபோது அவள் வெகுநேரம் யோசித்தாள். சலவைக்கூடத்தில் வெள்ளையும் பச்சையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தது. கடைசியில் மாதுளைச் சிவப்பு என்றாள்.

சைக்கிள் வந்த நாள் முதல் அவள் தெருவில் ஒரு பெரிய மனுஷியாகிவிட்டாள். சிக்னலில் நின்றால் பக்கத்து சைக்கிள்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்கே வாங்கியது, மணியும் இதே நிறத்தில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார்கள். ஒருவர், இதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகக் கூடாது, கல்யாணத்துக்குத்தான் போகவேண்டும் என்றார். அழுக்கு மூட்டை கட்டிய பழைய சைக்கிளில் வந்த ஒரு பெண் மட்டும், இதெல்லாம் பூட்டி வைத்துக் கும்பிடத்தான் லாயக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூத்தவளுக்கு அதுவும் பிடித்திருந்தது. பொறாமைப்படும் அளவுக்கு அவளிடம் ஒன்று இருப்பது அதுவே முதல் தடவை.

வாரம் ஒருமுறை நால்வரையும் கம்பெனியின் ஷோரூமுக்குப் பின்னாலிருந்த அறையில் உட்கார வைத்துக் கருத்துக் கேட்பார்கள். மற்ற மூவரில் ஒருவர் கணக்கு டீச்சர், ஒருவர் கூரியர்க்காரர், இன்னொருவர் பேங்கில் காவலாளி. கேள்வி கேட்கிற அதிகாரி, என்ன சொன்னாலும் பேச்சை நிறத்துக்கே கொண்டுபோய் நிறுத்துவார். அதனால் கூரியர்க்காரர் அவருக்குக் கலர் சார் என்று பெயர் வைத்துவிட்டார். அவர் மோசமான ஆள் இல்லை. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார், டீயைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பார்.

முதல் கூட்டத்திலேயே மூத்தவள் ஒன்றைச் சொன்னாள். முன்பெட்டியைக் கைப்பிடியோடு சேர்த்து மாட்டியிருந்தார்கள். பெட்டி காலியாக இருந்தால் ஒன்றும் தெரியாது. காய்கறியும் அரிசியும் வைத்துக்கொண்டு திரும்பினால் கைப்பிடி அவள் சொன்னதைக் கேட்காமல் பெட்டி இழுத்த பக்கம் போயிற்று.

“பழகாத வண்டி இல்லையா மேடம், ரெண்டு நாள்ல கைக்குப் பழகிடும். சிவப்பு வெயில்ல மங்குதா, அதைச் சொல்லுங்க,” என்றார் கலர் சார்.

அவர் சொன்னபடியே பழகிவிட்டது. திருப்பத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, உடம்பை எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்த்துக்கொள்வாள். அதைச் செய்கிறோம் என்ற நினைப்பே சில நாளில் அவளுக்கு இல்லாமல் போயிற்று. அடுத்த கூட்டங்களில் நிறத்தைப் பற்றியும் மணியின் சத்தத்தைப் பற்றியும் பேசினாள். சொல்லப்போனால், குறை சொன்னால் வண்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ என்றும் ஒரு மூலையில் பயம் இருந்தது.

தங்கை ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை. ஒருநாள் காலை, பத்திரமாக அடுக்கிக் கட்டிய லென்ஸ் பெட்டிகளை இன்னொரு கிளைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பஸ்கள் ஓடவில்லை. அக்காவுக்கு அன்று விடுப்பு.

இளையவள் சைக்கிளைக் கேட்டாள். மூத்தவள் முதலில் இழுத்தடித்தாள். பிறகு ஒரு பாட்டம் புத்தி சொன்னாள். சுவரில் சாய்க்காதே, பெயிண்ட் உரிந்துவிடும். வெயிலில் நிறுத்தாதே. தலைக்கவசத்தை ஏனோதானோ என்று கவிழ்த்துக்கொள்ளாமல் வாரை ஒழுங்காக மாட்டு. அவளே தங்கையின் தாடைக்குக் கீழே வாரை இறுக்கிவிட்டாள். முன்பெட்டியில் லென்ஸ் பெட்டிகளை அடுக்கிக் கொடுத்ததும் அவள்தான். கைப்பிடி இழுக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, நினைவுக்கே வரவில்லை.

பெரிய சாலைத் திருப்பத்தில் இளையவள் ஒரு கையைத் தூக்கிச் சைகை காட்டியிருக்கிறாள். மறு கைக்குக் கைப்பிடி அடங்கவில்லை. சக்கரம் தானாகத் திரும்பி அவளைச் சாலையின் நடுவே தள்ளியது. பின்னால் வந்த சரக்கு லாரியின் டிரைவர் பிரேக்கைப் போட்டார். ஆனாலும் பின்சக்கரம் அவளுடைய வலது காலின் மேல் ஏறிவிட்டது.

அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குத்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். தலைக்கவசம் மட்டும் இல்லையென்றால் காலைப் பற்றிப் பேசுகிற நிலைமையே இருந்திருக்காது என்றும் சொன்னார். மூத்தவள் கையெழுத்துப் போட்டாள். அன்று இரவே மாற்று ஆள் இல்லையென்று மேற்பார்வையாளர் கெஞ்ச, வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று அவளும் சலவைக்கூடத்துக்கு இறங்கிப் போனாள். அறுவைக்கூடத்து விரிப்புகள் வந்து விழுந்தன. எது யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியாது. உருளைக்குள் ஊட்டிக்கொண்டே இருந்தாள். கூட வேலை செய்தவள் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தி, அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள்.

சில நாள் கழித்துக் கலர் சார் வந்தார். வார்டுக்கு வெளியே நடைபாதையில் பழப்பையோடு நின்றுகொண்டிருந்தார். சிகிச்சைச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். பிறகு, குரல் கொஞ்சம் உள்ளே போக, டாக்டர் தலைக்கவசத்தைப் பற்றிச் சொன்னதைக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். தங்கை தேறியதும் அதையே கேமரா முன்னால் இரண்டு வார்த்தை சொன்னால் பலபேர் தலைக்கவசம் போடுவார்கள் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மேலிடத்தில் கேட்கச் சொல்லியிருந்தார்கள்.  மூத்தவள் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று மட்டும் கேட்டாள்.

கூட்டத்தில் மற்ற மூவரும் அவளைப் பார்த்து எழுந்து நின்றார்கள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் உட்காராமல் பேசினாள்.

“திரும்பும்போது எனக்குக் கைப்பிடி இழுத்துச்சு. உங்க யாருக்கும் இழுக்கலையா?”

 டீச்சர், பிள்ளைகளின் நோட்டுகளை இரண்டாம் நாளே முதுகுப் பைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். பெட்டியில் குடை மட்டும்தான் வைக்கிறாராம். கூரியர்க்காரர், பார்சல் நிறைய இருக்கிற நாளில் பெரிய திருப்பம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். காவலாளி தன் யோசனையைக் கொஞ்சம் பெருமையோடுதான் ஆரம்பித்தார். முன்னால் பாரம் என்றால் பின்பையில் ஒரு கல்லைப் போட்டுக்கொள்வாராம், தராசு மாதிரி சரியாகிவிடுமாம். பாதியில் அவருக்கே உறைத்தது. பேச்சை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆக நால்வருக்கும் இழுத்திருக்கிறது. நால்வரும் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்து ஓட்டியிருக்கிறார்கள். நால்வரும் இந்த அறையில் உட்கார்ந்து நிறத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

கலர் சார் வெளுத்துப் போயிருந்தார். “இதை யாருமே எங்கிட்ட சொல்லலையே,” என்றார்.

“நான் சொன்னேன் சார்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சொன்னீங்க. ஒரு தடவை.”

அவர் அதைத் தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்னாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா என்று தெரியாது. ஆனால் அந்த ‘ஒரு தடவை’ மூத்தவளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவரைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

தங்கையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். இளையவள் தன்மேல்தான் தப்பு என்று நம்பிக்கொண்டிருந்தாள். சாலையைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன், உன் வண்டியையும் நாசமாக்கிவிட்டேன் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் புலம்பினாள். அந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டு கஞ்சி ஊட்டுவதுதான் மூத்தவளால் முடியவில்லை. ஒரு மத்தியானம், பக்கத்துக் கட்டில் காலியாக இருந்த நேரத்தில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கைப்பிடி இழுத்ததையும், முதல் வாரத்திலேயே தனக்குத் தெரிந்ததையும், கூட்டத்தில் மற்றவர்கள் சொன்னதையும்.

இளையவள் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“பெயிண்டு உரியக் கூடாதுன்னு சொன்னியேக்கா. அது ஞாபகம் இருந்துச்சா?”

மூத்தவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். 

கம்பெனிக்காரர்கள் முன்பெட்டியைக் கைப்பிடியிலிருந்து எடுத்துச் சட்டத்தோடு சேர்த்து மாட்டினார்கள். குறித்த நாளில் இல்லாவிட்டாலும் கொஞ்சம் தள்ளிப்போட்டு சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். நன்றாகத்தான் விற்றது. கேமரா முன்னால் பேச இளையவள் ஒத்துக்கொள்ளவில்லை. கலர் சாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாகக் கூரியர்க்காரர் வந்து சொன்னார். மூத்தவள் கேட்டுக்கொண்டாளே தவிர, அதில் அவளுக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

செயற்கைக் கால் பொருத்தி, ஊன்றுகோலைப் பிடித்து நடக்கப் பழகி, இளையவள் மறுபடி கண்ணாடிக் கடைக்குப் போகத் தொடங்குவதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. வீட்டில் இருவரும் சண்டை போடவில்லை. தண்ணீர் வேண்டுமா, மருந்து தீர்ந்ததா, கதவைச் சாத்தியாயிற்றா என்கிற அளவில் பேச்சு நின்றது. மூத்தவள் தட்டில் வைத்ததை இளையவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். காலில் வாரை மாட்ட அக்கா குனிந்தால் மட்டும், நானே மாட்டிக்கிறேன் என்று விலக்கிக்கொண்டாள். அவள் மாட்டி முடிக்கிறவரை மூத்தவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வேறு பக்கம் பார்ப்பாள்.

பிறகு ஒருநாள் இளையவள், கடைக்குப் பக்கத்திலேயே கூட வேலை செய்கிற பெண்ணோடு ஓர் அறையில் தங்கப்போவதாகச் சொன்னாள். படி ஏற வேண்டியதில்லை, நடக்கிற தூரம். காரணங்கள் எல்லாம் நியாயமாகவே இருந்தன. துணிகளை மூத்தவள்தான் பெட்டியில் அடுக்கினாள். சட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, காலர் மடங்காமல் நடுவில் காகிதம் வைத்தாள்.

ஆட்டோ வந்து நின்றது. பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு மூத்தவள் கேட்டேவிட்டாள்.

“எம்மேல கோவமாத்தான போற?”

இளையவள் ஊன்றுகோலை உள்ளே சாய்த்து வைத்துவிட்டு, நன்றாக உட்கார்ந்த பிறகுதான் பேசினாள். “வேணும்னு செஞ்சிருந்தா உன்னோட சண்டையாவது போட்டிருப்பேன். நீ மறந்துட்ட. மறந்ததுக்கு உன்னை நான் என்னன்னு சொல்றது? பக்கத்துலயே இருந்தா தினமும் அதையேதான் நினைக்கிறேன்க்கா. கொஞ்ச நாள் தள்ளி இருக்கேன்.”

மூத்தவள் தலையாட்டினாள். ஆட்டோக்காரர் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கிளம்பலாமா என்று கேட்காமல் காத்திருந்தார். இளையவள்தான் போகச் சொன்னாள்.

மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். வரும்போது ஏதாவது வாங்கி வருகிறாள், சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். கடையில் நடந்ததைச் சொல்லி ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று மூத்தவள் கேட்பதில்லை. தங்கை கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் அவளுடைய நடைக்குத் தக்கபடி மெதுவாகக் கூடவே நடந்துபோகிறாள். பஸ் போன பிறகு, வேலைக்கு நேரமாயிருந்தாலும், அங்கே கொஞ்ச நேரம் நிற்கிறாள்.