கண்ணில் படுகிற இடம்

மெரடித்துக்குப் பல் தேய்க்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிரஷை ஈறோடு எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் எப்படி விடுவது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெரிந்து என்ன செய்ய? சோபாவில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திரு, எழுந்திரு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருப்பாள். கால் அசையாது. குளியலறைக்குப் போக வேண்டும், விளக்கைப் போட வேண்டும், பற்பசை மூடியைத் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓடும். ஓடி ஓடிக் களைத்துப்போய், பல் தேய்க்காமலேயே படுத்துக்கொள்வாள்.

“ரெண்டு நிமிஷ வேலைடி இது!” என்பாள் அவளுடைய அக்கா டெனீஸ். இந்த ரெண்டு நிமிஷக்காரர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. தொடங்கிவிட்டால் ரெண்டு நிமிஷம்தான், யார் இல்லை என்றது? தொடங்குவதற்கு ஆகிற நேரத்தை எந்த மகராசி கணக்கில் சேர்த்தாள்?

இத்தனைக்கும் மெரடித் சோம்பேறி இல்லை. டெவன்போர்ட் ஊரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பெயிண்ட் கலக்குகிற கவுண்டர் அவளுடையது. பழைய சுவரிலிருந்து உரிந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து காட்டினால் போதும், அதே நிறத்தை அச்சு அசலாகக் கலந்து கொடுத்துவிடுவாள். வாடிக்கையாளர் எதிரே நிற்பார், கேட்பார், கை தானாக ஓடும். வீட்டில் யார் நிற்கிறார்கள், யார் கேட்கிறார்கள்? மூளையில் வேலையைத் தொடங்கிவைக்கிற இடத்திலேயே கோளாறு, இது பிறவியிலிருந்தே இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னபோது அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதற்குள் பின்பற்கள் இரண்டு போய்விட்டிருந்தன. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டிருந்தது.

இந்த நிலையில்தான் மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. பல் டாக்டர் பெட்ரா ஈறுக்கு அடியில் இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டு பேசினார்.

“உள்ளதைச் சொல்லிடறேன் மெரடித். மூணு மாசம் பாப்போம். காலையும் ராத்திரியும் ஒழுங்கா தேய்ச்சு, இடுக்குல இந்தக் குட்டி பிரஷையும் விட்டீங்கன்னா ஈறு இறுகும், பல்லு நிக்கும். இல்லன்னா எடுத்துத்தான் ஆகணும்.”

“முன்பல்லு டாக்டர்,” என்றாள் மெரடித். “கவுண்டர்ல நிக்கறவ நான். எப்படியாவது இதை மட்டும் காப்பாத்திக் குடுங்க.”

“நான் எங்க காப்பாத்தறது? வீட்ல நீங்கதான் காப்பாத்தணும். பிரஷ் எங்க வெச்சிருக்கீங்க?”

“பாத்ரூம் டிராயர்ல.”

“அதை மொதல்ல வெளிய எடுங்க. பாத்ரூம்லதான் பல்லு தேய்க்கணும்னு சட்டமா இருக்கு? கண்ணு எங்க போகுதோ அங்க வையுங்க.”

அதுவரை யாரும் மெரடித்திடம் அப்படிச் சொன்னதில்லை. மனதை மாற்று, பழக்கத்தை மாற்று என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பிரஷ் இருக்கிற இடத்தை மாற்றலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கே ஒரு பிரஷ், கோப்பையில் நின்றபடி கெட்டிலுக்குப் பக்கத்தில் குடியேறியது. இன்னொன்று தொலைக்காட்சி ரிமோட்டோடு சேர்ந்தது. மூன்றாவது காருக்குள். குட்டி பிரஷ்களைச் சோபாவின் கைப்பிடியிலேயே ஒட்டிவைத்தாள். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் கை தானாகப் பிரஷை எடுக்கும். சமையலறைத் தொட்டியிலேயே துப்புவாள். பார்க்க நன்றாகவா இருக்கும்? இருக்காதுதான். ஆனால் வேலை நடந்தது. மூன்று மாதத்தில் பாதி போனதும் பெட்ரா கம்பியால் ஈறைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அட, ரத்தமே வரல! இறுகுதுங்க மெரடித்!” என்றார். காருக்குள் வந்து உட்கார்ந்து மெரடித் அழுதேவிட்டாள். ஒரு சாதாரண விஷயத்தைச் சாதாரணமாகச் செய்துவிட்ட சந்தோஷம் அது. மற்றவர்களுக்கு அது எங்கே புரியப்போகிறது?

அப்போதுதான் வாடகை வீட்டைச் சோதனை போடுகிற முறை வந்தது. சில மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்ட் வந்து, அறை அறையாகப் படம் பிடித்துக்கொண்டு போய் வீட்டுக்காரருக்கு அனுப்புவான். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை டெனீஸ், உதவி செய்கிறேன் என்று வாளியும் துணியுமாக வந்து இறங்கினாள். வாசல்படி தாண்டுவதற்குள்ளேயே வாய் ஆரம்பித்துவிட்டது.

“என்னடி இது, டிவிக்குப் பக்கத்துல பிரஷ்?”

“டாக்டர் சொன்னாங்க.”

“சோபாலயுமா ஒட்டச் சொன்னாங்க? அந்தப் பையன் இதையெல்லாம் படம் புடிச்சு அனுப்பினா, வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? ஏதோ மண்டை கழண்ட கேஸு குடியிருக்குன்னு நினைக்க மாட்டான்? வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டா எங்க போவ? என் வீட்ல எடமில்ல, சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு டெனீஸ் குளியலறையைக் கழுவப் போய்விட்டாள். டெனீஸ் ஒரு பிரஷைக்கூடத் தொடவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எடுத்து உள்ளே வைத்தது மெரடித்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கெட்டில் பக்கத்தில் இருந்ததை எடுத்தாள், ரிமோட் பக்கத்தில் இருந்ததை எடுத்தாள், சோபாவில் ஒட்டியிருந்த குட்டி பிரஷ்களைப் பிய்த்தாள். தொடங்குவதுதான் அவளுக்குக் கஷ்டமே தவிர, தொடங்கிவிட்டால் நிறுத்தத் தெரியாது. அந்த வேகத்தில் காருக்குள் இருந்ததையும் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் குளியலறை டிராயரில் போட்டு மூடினாள். சோதனை முடிந்ததும் வெளியே எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

ஏஜென்ட் வந்தான், படம் பிடித்தான். “வீட்டைச் சூப்பரா வெச்சிருக்கீங்க. எல்லாரும் இப்படி இருந்தா என் வேலை எவ்வளவு சுலபம்!” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு பாராட்டில் மெரடித்துக்குத் தலைகால் புரியவில்லை. வெறுமையாகப் பளபளக்கிற சமையல் மேடையை அன்று முழுவதும் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தாள்.

அதற்குப் பிறகு தண்ணீர் கொதிக்கும்போதெல்லாம் அவள் கண் அந்த மேடைக்குத்தான் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. கை கைபேசியை எடுத்தது. மறந்துவிட்டாள் என்று சொல்வதுகூடத் தப்பு. கண்ணில் படாத பொருள் அவளைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. இல்லாததை எப்படி மறப்பது? படுத்த பிறகு எப்போதாவது ‘ஐயோ, பல்லு!’ என்று திடுக்கிடுவாள். காலையில் முதல் வேலையாக எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். காலையில் அந்த நினைப்பும் இருக்காது.

நாளை வரவேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து குறுஞ்செய்தி வந்தபோது அவள் கடையில் ஒருவருக்கு வெளிர் பச்சை கலந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு ஓடிவந்து டிராயரைத் திறந்தாள். எல்லாப் பிரஷ்களும் காய்ந்து விறைத்துக் கிடந்தன. எடுத்துத் தேய்த்தாள், தேய்த்தாள், தொட்டியெல்லாம் ரத்தமாகும் வரை தேய்த்தாள். அத்தனை வாரத்தையும் ஒரே மாலையில் தேய்த்துவிட முடியுமா, பாவம்.

மறுநாள் பெட்ரா விரலால் அந்தப் பல்லைத் தொட்டதும், அது இரண்டு பக்கமும் ஆடியது. பெட்ரா கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்லாத்தானே போயிட்டிருந்துது. என்ன ஆச்சு?”

காய்ச்சல், ஊரில் இல்லை என்று ஒன்றிரண்டு பொய்களை மெரடித் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

“வீட்டைச் சுத்தம் பண்ணிட்டேன்.”

“புரியல.”

“வீடு பாக்க வந்தாங்க. பிரஷ் எல்லாத்தையும் எடுத்து உள்ள வெச்சுட்டேன்.”

“சரி, அவங்க போனதும் எடுத்து வெளிய வெச்சிருக்கலாமே?”

சொல்லிப் புரியவைக்கிற விஷயமாக இருந்தால் இந்த நாற்பத்துச் சொச்சம் வருஷத்தில் யாருக்காவது புரிந்திருக்கும். பெட்ரா மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டார். ஊசி போட்டார். பல் பெரிய எதிர்ப்பெல்லாம் காட்டாமல் வந்துவிட்டது. பிறகு பிளாஸ்டிக் பல் வைத்துக்கொள்ளலாம் என்றார், அதைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும் என்றார். மெரடித் தலையாட்டினாள்.

செவிலி பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, அழைத்துப்போக வந்திருந்த டெனீஸிடமும் சேர்த்துச் சொன்னாள்: “நாளைக்கு வரைக்கும் பல்லு தேய்க்க வேண்டாம். கொப்பளிக்கவும் கூடாது. அந்த இடத்தை அப்படியே விட்டுடுங்க.”

மறுநாள் மதியம் டெனீஸ் ஃபோன் செய்தாள். அவள் குரலில் உண்மையாகவே அக்கறை இருந்தது.

“வலிக்குதாடி?”

“கொஞ்சம்.”

“சூப்பு குடிச்சியா?”

“ம்.”

“அவங்க சொன்னபடி நடந்துகிட்டியா? பல்லு தேய்க்கலையே?”

“தேய்க்கல.”

“கொப்பளிக்கல?”

“இல்ல.”

“பாத்தியா!” டெனீஸுக்கு ஒரே பூரிப்பு. “மனசு வெச்சா உன்னாலயும் முடியுதுல்ல?”

மெரடித்துக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தால் வலித்தது.

“ஆமா, டெனீஸ்,” என்றாள். அந்தப் பெயரின் கடைசி எழுத்து, பல் இருந்த இடத்தின் வழியாக வெறும் காற்றாக வெளியே போயிற்று.