கோதுமைப் பையின் சூடு

ரன்வெய்க் மூன்றாவது முறையாகச் சாவியை அழுத்தினாள். கார்க் கதவுகள் திறந்தன. சார்ஜ் பிளக்குக்குள் 'டிக்' என்று சத்தமும் கேட்டது. ஆனால் பிளக் அசையவில்லை.

காலை மணி ஏழு ஐம்பது. குளிர் மைனஸ் பதினான்கு. ஊரை ஒட்டிய கடற்கழியான ஃபியோர்டின் அக்கரைக்குப் படகு எட்டு நாற்பதுக்கு. அதை விட்டால் பன்னிரண்டுக்குத்தான். பதினொரு மணிக்கு அக்கரைத் தேவாலயத்தில் போர்கில்டின் அடக்கம்.

அக்கரையிலேயே குடியிருக்கும் போர்கில்டின் கணவர் தோரால்ஃபுக்கு வலது கையும் காலும் வராது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸான ரன்வெய்க்தான் நான்கு வருடமாக அவரைக் குளிப்பாட்டி, உடுத்திவிடுகிறாள். வேறு யார் கை பட்டாலும் கூசிப்போவார். "கறுப்புக் கோட்டு போட்டுவிட்டு, நானே உங்களைச் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று நேற்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

அதற்காகத்தான் நேற்று சாயங்காலம் காரைக் கழுவினாள். சாலையில் பனி உருகத் தூவிய உப்பும் சேறும் அப்பிய காரோடு துக்க வீட்டு வாசலில் போய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. குழாய்த் தண்ணீர் சார்ஜ் மூடிக்குள்ளும் புகுந்திருக்கிறது. அந்த ஈரத்தோடேயே பிளக்கைச் செருகிவிட்டாள். பிளக்கைப் பிடித்திருக்கும் சின்னப் பூட்டு ஊசி இரவில் உறைந்துபோயிற்று. பிளக் உள்ளே இருக்கும்வரை கார் ஓரடி நகராது.

"நாலு மணிக்கே உன் காருக்கு வயிறு நிறைஞ்சாச்சு. இன்னும் பந்தியை விட்டு எழுந்திருக்கலையா?"

பின்னால் பக்கத்து வீட்டு ஹல்வார் நின்றிருந்தார். அந்தக் குடியிருப்புக்கே ஒரே சார்ஜ் கம்பம்தான். நிறைந்த காரை எடுக்காமல் இருப்பதைப் போல அவரைக் கோபப்படுத்துவது வேறில்லை.

"எடுக்கத்தான் பார்க்கிறேன். பூட்டு உறைஞ்சு போச்சு."

அவர் குனிந்து பம்பரைப் பார்த்தார். வரிசையாகப் பனிக்குச்சிகள் தொங்கின. "கழுவினியா? பிப்ரவரியில கார் கழுவுற நர்ஸை இப்பத்தான் பார்க்கிறேன்."

"போர்கில்டோட அடக்கத்துக்குப் போகணும். தோரால்ஃபை நான்தான் கூட்டிட்டுப் போகணும்."

ஹல்வார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "என் காரைக் குடுத்திருப்பேன். ஆறு சதவீதம்தான் இருக்கு, படகுத்துறைகூடப் போய்ச் சேராது" என்றவர், வீட்டுக்குள் போய் ஆவி பறக்கும் கெட்டிலோடு வந்தார். ரன்வெய்க் பிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"வேண்டாங்க. இப்ப உருகும், அப்புறம் உள்ளே இறங்கிக் கல்லாயிடும். நேத்து நான் ஊத்தின தண்ணியே போதும்."

"அப்ப சுத்தியல் கொண்டுவரவா?"

"உங்க நாக்கு இருக்கே, அது போதாதா?"

அவள் பின்கதவைத் திறந்து, வலப்பக்க விரிப்பை உரித்தாள். அவசரத்துக்குப் பூட்டை விடுவிக்கும் கயிறு அங்கே ஒளிந்திருந்தது. இழுத்தாள். அரை விரற்கடை வந்து நின்றுவிட்டது. இன்னும் இழுத்தால் அறுந்துவிடும் என்று கைக்குத் தெரிந்தது. விட்டுவிட்டாள். மணி எட்டு ஐந்து.

"தண்ணி இல்லாத சூடு வேணும்" என்றாள்.

ஹல்வார் சற்றுத் தயங்கினார். பிறகு மேல்கோட்டைத் திறந்து, கம்பளிச் சால்வையால் இடுப்பில் கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்தார். உள்ளே கோதுமை. மைக்ரோவேவில் சூடாக்கி முதுகு வலிக்குக் கட்டிக்கொள்வது.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதே. கிழவனாயிட்டேன்னு நினைப்பாங்க."

ரன்வெய்க் பையைப் பிளக்கைச் சுற்றி அணைத்துப் பிடித்தாள். அவர் கோட்டை விரித்துக் காற்றை மறைத்து நின்றார். ஆண்டவரே, என் கை மட்டும் நடுங்காமல் இருக்கட்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பை ஆறியதும் ஹல்வார் இடுப்பைப் பிடித்தபடி உள்ளே போய்ச் சூடாக்கி வந்தார். இரண்டாம் முறையும் போனார். பிளக்கின் ஓரத்தில் நீர் கசியத் தொடங்கியது. ஒவ்வொரு சொட்டையும் கையுறையால் துடைத்தாள்.

"நான் கயிறை இழுக்கிறேன். நீங்க பிளக்கை உள்ளே தள்ளுங்க."

"வெளியே வரணும்னா உள்ளே தள்ளணுமா?"

"ஊசி மேல பாரம் விழக் கூடாது. தள்ளுங்க, பேசாதீங்க."

அவர் வாய்மூடித் தள்ளினார். அவள் மெல்ல இழுத்தாள். 'டொக்.' பிளக் அவர் கையோடு வந்தது.

மணி எட்டு இருபத்தைந்து. கேபிளைச் சுருட்டிப் பின்னால் போட்ட ஹல்வார், கோதுமைப் பையை முன் இருக்கையில் வைத்தார்.

"உங்க முதுகு?"

"அது சாயங்காலம்வரை முனகிட்டு இருக்கட்டும். சர்ச்சுல அவருக்குக் கை விறைச்சுப் போகும். அங்கே ஒருதடவை சூடு பண்ணிக்கோ."

படகில் கடைசியாக ஏறியது அவள் கார்தான்.

பத்தரைக்குக் கறுப்புக் கோட்டு போட்ட தோரால்ஃபைத் தாங்கி வாசலுக்கு அழைத்துவந்தாள். அவர் வீட்டில் மறுபடி சூடாக்கிய பை அவருடைய வராத கைக்கும் மார்புக்கும் நடுவே இருந்தது. படியில் நின்று அவர் காரை வெகுநேரம் பார்த்தார்.

"கழுவியிருக்கியே."

"ஆமா."

"இந்தக் குளிர்லயா? போர்கில்ட் பார்த்திருந்தா உன்னை நல்லாத் திட்டியிருப்பா." நல்ல கையால் பையை மார்போடு அழுத்திக்கொண்டார். "திட்டிட்டு, காபி போட்டுக் குடுத்திருப்பா."

அவள் கதவைத் திறந்து, முதலில் அவருடைய நல்ல காலையும் பிறகு மற்றக் காலையும் உள்ளே எடுத்துவைத்தாள்.